ஆடிக் காற்றில் ஒரு மைல்

பஞ்சாங்கத்தில் அந்த வருஷத்துக்கு மன்மத வருஷம் என்று பெயர். பெயரில் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் ஆடி பிறந்த அன்றைக்கே ஓசூர் முனிராஜின் பெண்டாட்டி சரோஜம்மாளை அவளுடைய அப்பா வந்து சூளகிரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வைகாசியில் கல்யாணம், ஆனியில் குடித்தனம், ஆடியில் பிரிவு. ஆடியில் கூடினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது யாருக்கும் ஆகாது என்பது வழக்கம். புதுப்பெண் தாய் வீட்டில் இருக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தினவருக்கு அப்போது வயது அறுபதாவது இருந்திருக்க வேண்டும் என்று முனிராஜ் நினைத்துக்கொண்டான்.

பிரிவைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். பிரிந்த விதம்தான் அவனை அரித்தது. சரோஜம்மாள் பஸ் ஏற வேண்டிய காலையில் இந்த மகானுபாவன் சைக்கிள் சங்கத்து ஆட்களோடு மிதித்துப் பழகுவதற்காகப் பேரிகை வரைக்கும் போயிருந்தான். போகும்போது மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. போன நேரத்திலேயே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டான். பத்து வருஷமாக ஓசூரில் சைக்கிள் மிதிக்கிறவன் ஆடிக் காற்றில் போடக்கூடிய கணக்கா அது? புது மாப்பிள்ளைக்கு மூளை எங்கே வேலை செய்கிறது! எதிர்காற்றில் நாக்குத் தள்ள அவன் பஸ் நிலையம் வந்து சேர்ந்தபோது பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னல் ஓரத்தில் அவள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஆவணியில வர்றதா வேணாமான்னு நான் யோசிக்கணும்" என்றாள். அவ்வளவுதான், பஸ் போய்விட்டது.

அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. சூளகிரிப் பக்கமிருந்து மாவு மில்லுக்கு ராகி கொண்டுவருகிறவர்கள் எத்தனையோ பேர். அங்கே எஞ்சின் ஓட்டுகிற முனிராஜ் ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பான். அவர்கள் மாவை வாங்கிக்கொண்டு போவார்கள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா? அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காமல் ஆவணி வரை காத்திருப்பது அவனால் ஆகாது. சோறு இறங்கவில்லை, எஞ்சினுக்கு எண்ணெய் விட மறந்து இரண்டு தடவை முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் ஆடிப்பெருக்குப் பந்தயம் வந்தது.

ஓசூர் சைக்கிள் சங்கமும் கிருஷ்ணகிரி சங்கமும் வருஷத்துக்கு ஒருமுறை மோதிக்கொள்ளும் பந்தயம் அது. ஓசூரில் கிளம்பிச் சூளகிரி சந்தை மைதானத்தில் நிறுத்தியிருக்கும் தார் டிரம்மைச் சுற்றிக்கொண்டு ஓசூருக்கே திரும்ப வேண்டும். காற்றில்லாத மாதத்தில் வைத்தால் என்ன என்று கேட்டால் இரண்டு சங்கத்தாருமே முறைப்பார்கள். காற்றில்லாதபோது யார் வேண்டுமானாலும் மிதிக்கலாமே! பந்தய சைக்கிள் என்று எவரிடமும் கிடையாது. மட்கார்டைக் கழற்றினால் பந்தய சைக்கிள், மறுநாள் மாட்டினால் மளிகைச் சாமான் சுமக்கிற சைக்கிள்.

சூளகிரியில், ஓசூர் ரோட்டின் மேலேயே, ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீடு முனிராஜின் மாமனார் கரியப்பனுடையது. வீட்டுக்குள் போகக் கூடாதுதான். ரோட்டில் போகக் கூடாது என்று யார் சொன்னது? ரோடு சர்க்காருடையது.

கரியப்பனும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பந்தயம் பற்றிக் கேள்விப்பட்டதும் பெண்டாட்டி நாகம்மாவிடம், "பாத்தியா, ஆடியில இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதுக்கோசரம் ஊரையே கூட்டிக்கினு வர்றான் உன் மாப்பிள்ள" என்றார். பந்தயம் நாலு வருஷமாக நடக்கிறது என்று நாகம்மா எடுத்துச் சொன்னாள். அவர் நம்பவில்லை.

பெருக்கு அன்று காலை ஓசூரில் மரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து கிடந்தன. சங்கத்துத் தலைவர் சென்னப்பன், தொழில் தையல், தொந்தி உண்டு, குரலோ கோட்டை வரைக்கும் கேட்கும். அவர் முனிராஜைத் தனியாக இழுத்துப் போனார்.

"டேய், இந்தத் தடவ கப்பு நம்மகிட்ட வரணும். உன்ன நம்பித்தான் இக்கறேன். போறப்ப மிதிக்காத. காத்தே தள்ளிக்கினு போவும். வர்றப்பத்தான் பந்தயம். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுண்ணா."

தெரிந்தது வாஸ்தவம். கேட்கிற உத்தேசம்தான் இல்லை. விசில் ஊதியதும் முனிராஜ் பறந்தான். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் மூட்டை கட்டியது. பேரண்டபள்ளி போனது தெரியவில்லை, காமன்தொட்டி வந்தது தெரியவில்லை. பின்னால் சைக்கிளில் வந்த சென்னப்பன் கத்திய கெட்ட வார்த்தைகளையும் காற்றே கொண்டுவந்து காதில் போட்டது. அவன் இன்னும் வேகமாக மிதித்தான். முதல் ஆளாகப் போக வேண்டும். அவள் வாசலில் நிற்பாள். முன்னால் வருகிறவன் தன் புருஷன் என்று பார்ப்பாள். கொஞ்சமாவது சிரிப்பாள். இவ்வளவுதான் அவனுடைய திட்டம்.

சூளகிரி எல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் "பந்த்ரு! பந்த்ரு!" என்று கன்னடத்தில் கூவினார்கள். வந்துவிட்டார்கள் என்பதை ஊருக்கே முதலில் அறிவித்தது அவர்கள்தான். ஏனென்றால் காற்று தள்ளிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டார்கள். சந்தை மைதானத்தில் டிரம்மை அப்போதுதான் உருட்டிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை.

மாமனார் வீட்டு வாசலில் முக்காலி போட்டு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கரியப்பன் நாவிதரிடம் சவரம் செய்துகொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. முனிராஜ் பிரேக்கைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். நடையில் ஒரு கன்றுக்குட்டி நின்றது. வேறு யாரும் இல்லை. திரும்பி வரும்போதும் பார்த்தான். கன்றுக்குட்டி உட்கார்ந்திருந்தது. கரியப்பன் நுரை படியாத பக்கத்துக் கண்ணால் அவனையே பார்த்தார்.

அவள் வெளியே வரவில்லை. வேண்டுமென்றே வரவில்லை. அந்த நிமிஷத்தில்தான் மேல்காற்றும் முகத்தில் வந்து அறைந்தது.

ஆடிப்பெருக்குப் பந்தயத்தில் திரும்பும் வழிக்கென்று ஒரு முறை உண்டு. அந்தக் காற்றைத் தனி ஆளாக உடைத்து ஓசூர் போய்ச் சேர எவனாலும் முடியாது. அதனால் இரண்டு சங்கத்தாரும் பகையைப் பேரண்டபள்ளி வரைக்கும் ஒத்திப்போட்டுவிட்டு ஒரே வரிசையாக வருவார்கள். முன்னால் போகிறவன் காற்றை உடைப்பான், மற்றவர்கள் அவன் முதுகில் ஒளிந்து வருவார்கள். மைல்கல்லுக்கு ஓர் ஆள். கல் வந்ததும் முன்னால் போனவன் ஒதுங்கி வரிசையின் வாலுக்குப் போவான், அடுத்தவன் ஏறுவான். தன் மைலைப் பாதியில் விட்டவனுக்கு இரண்டு ஊரிலும் டீக்கடையில் மரியாதை கிடையாது. பேரண்டபள்ளி தாண்டிய பிறகு அவரவர் கால், அவரவர் அதிர்ஷ்டம்.

முதல் மைலைக் கிருஷ்ணகிரி ஜான்பீட்டர் எடுத்துக்கொண்டான். தந்தி ஆபீசில் வேலை பார்க்கிறவன், நெடுநெடுவென்று வளர்ந்தவன், போன வருஷம் கப்பை அடித்தவன். அவன் முதுகு அகலமாக இருந்ததால் அந்த மைலில் முனிராஜுக்குக் கவலைப்பட நிறைய நேரம் கிடைத்தது. கல் வந்தது. ஜான்பீட்டர் ஒதுங்கினான். அடுத்து முனிராஜின் முறை.

அந்த மைல் சாதாரண மைல் இல்லை. ஏரிக்கரையை ஒட்டி மேடு ஏறும். மேட்டின் உச்சியிலிருந்து காற்று இறங்கி வரும். போகும்போது வீராப்பாகச் செலவழித்த பலத்தில் ஒரு துளியாவது திரும்பக் கிடைத்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு. எழுந்து நின்று மிதித்தான். சக்கரம் உருண்டது என்று சொல்வதைவிட, விழாமல் நின்றது என்று சொல்லலாம். ஒருத்தன் ரோட்டில் நடந்து வந்திருந்தால் அவனை முந்திப் போயிருப்பான்.

நடந்து வரத்தான் செய்தார்கள்.

ஏரியில் பெருக்குப் பூஜைக்கு வந்த பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி கரையேறி, ரோட்டில் இறங்கி, ஈரத் தலையும் கையில் சித்ரான்னக் கூடையுமாக அவன் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நடந்தாள். முனிராஜ் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தான். சரோஜம்மாள்.

"நில்லுங்க" என்றாள்.

"மு... முடியாது. என் மைலு."

"சரி, மிதிங்க. நான் நடக்கறேன்."

நடந்தாள். அவன் போன வேகத்துக்கு அவள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கக்கூடத் தேவைப்படவில்லை.

"வீட்டு வாசலில... நீ இல்ல..." என்றான் அவன், ஒரு மிதிக்கு ஒரு வார்த்தையாக.

"பத்து மணி பஸ்ஸு போன பொறவு தான வருவீங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள வெளக்கு விட்டுட்டு வந்துரலாம்னு ஏரிக்கு வந்தா, நீங்க பட்டமாட்டம் பறந்து போறீங்க. தண்ணிக்குள்ள நின்னுக்கினு பாத்தேன். முன்னால போனது நீங்கதான்னு பக்கத்து ஊட்டு கெம்பம்மாகிட்டச் சொன்னேன். அவ நம்பல."

பார்த்திருக்கிறாள்! முனிராஜுக்கு எங்கிருந்தோ ஒரு மூச்சு கூடுதலாக வந்தது. சக்கரம் ஒரு சுற்று வேகமாகச் சுற்றியது.

"இன்னும்... கோபமா?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. சரோஜம்மாள் இதற்காகவே பதினெட்டு நாள் காத்திருந்தவள் போல ஆரம்பித்தாள்.

"கோபமா? அன்னைக்கு பஸ்ஸுல எங்கப்பாவ எழுப்பி எழுப்பி வெளிய பாருங்க, வர்றாரா பாருங்கன்னு எத்தினி வாட்டி கேட்டிருப்பேன்? கண்டக்டரு சிரிக்கறான். பக்கத்து சீட்டு அம்மா, 'உன் ஊட்டுக்காரரு வர மாட்டாரும்மா, குந்து'ங்குது. மானம் போச்சு. உங்களுக்குச் சைக்கிளு பெருசா, நான் பெருசா? பதில் சொல்லுங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுப் போய் அடைத்துக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினான். அவள் நிறுத்தவில்லை. பேரிகை போனது, ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ வாங்க மறந்தது, மாமியார் முன்னால் ரசத்தில் உப்பில்லை என்று சொன்னது, எல்லாம் வரிசையாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றுதான். அவளுக்கும் அது புதுசாக இருந்திருக்க வேண்டும். ரொம்ப உற்சாகமாகத் திட்டினாள்.

ஒரு விஷயத்தை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. காற்று முன்னாலிருந்து பின்னால் அடித்தது. சரோஜம்மாள் முன்னால் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் பத்திரமாகப் பின்னால் போய், இரண்டு சங்கத்துக் காதுகளிலும் ஒன்றுவிடாமல் விழுந்துகொண்டிருந்தது. மல்லிகைப்பூ வந்தபோது கிருஷ்ணகிரிக்காரன் ஒருவன் 'ச்சு' கொட்டினான். ரசம் வந்தபோது சென்னப்பன், "இவனுக்கு வேணும்" என்றார். வரிசையே முதுகு குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

மேட்டின் உச்சியில் மைல்கல் தெரிந்தது. அப்போது சரோஜம்மாள் பேச்சை நிறுத்தினாள். பிறகு சைக்கிள் ஹாண்டில் பக்கமாகக் குனிந்து, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நேத்து மருத்துவச்சி கை புடிச்சுப் பாத்துச்சு. ஆனியிலயே நின்னுபோச்சுங்க. வர்ற மாசியில நம்மூட்டுக்கு ஆளு வருது."

முனிராஜுக்கு அது உள்ளே போய்ச் சேர இரண்டு மிதி ஆயிற்று. பின்னால் இருந்தவர்களுக்கு அவ்வளவு கூட ஆகவில்லை. முதலில் ஜான்பீட்டரின் பெல் அடித்தது. அடுத்தது சென்னப்பனுடையது. அப்புறம் வரிசை முழுக்க, ஓசூர் பெல், கிருஷ்ணகிரி பெல் என்ற பேதம் இல்லாமல் கிணுகிணுவென்று அடிக்க ஆரம்பித்தது. ஏரியில் இருந்த பெண்கள் ஏதோ சாமி ஊர்வலம் என்று கரைமேல் ஏறி வந்துவிட்டார்கள். சரோஜம்மாள் வெட்கத்தில் கூடையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"நடக்காத!" என்று கத்தினான் முனிராஜ். "குந்து! கல்லு மேல குந்து! மேட்டுல எல்லாம் ஏறக் கூடாது!"

"மைலு முடியலியே" என்றாள் அவள்.

முடியவில்லைதான். மைல்கல்லுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. மிச்சத்தை அவன் எப்படி ஏறினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. காற்று இருந்த இடத்தில்தான் இருந்தது. அவன்தான் காற்று என்று ஒன்று இருப்பதை மறந்துபோனான். கல்லைத் தாண்டி, முறைப்படி ஒதுங்கி, வரிசைக்கு வழிவிட்டான். அவன் மைல் முடிந்தது.

இனி வாலைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பேரண்டபள்ளி, அப்புறம் ஓசூர், அப்புறம் கப்பு. விட்டால் பந்தயம் அவனைப் பொறுத்தவரை அங்கேயே சரி. கடைசிச் சைக்கிள் பக்கத்தில் வந்தது. முனிராஜ் இரண்டு காலையும் தரையில் ஊன்றினான்.

"டேய்! மிதிடா! கப்புடா!" என்று அலறினார் சென்னப்பன்.

அவர் எதிர்காற்றில் போய்க்கொண்டே திட்டியதால் ஒரு வசவுகூட வீணாகாமல் முழுசாக வந்து சேர்ந்தது. முனிராஜ் சொன்ன மன்னிப்பு எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஜான்பீட்டர் மட்டும் தலையைத் திருப்பி, கீழே ரோட்டில் யாரையோ பார்த்து, "பெரியவரே! தாத்தா ஆவப் போறீங்க!" என்று கூவிவிட்டுப் போனான்.

பாதி முகத்தில் நுரை காய்ந்து ஒட்டியிருக்க, தோளில் நாவிதரின் துண்டோடு, கரியப்பன் மேடேறி வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குள் எட்டிப் பார்த்த பார்வையிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகள் ஏரியில் இருப்பது ஞாபகம் வந்ததும் சவரத்தைப் பாதியில் விட்டுக் கிளம்பிவிட்டார். வழியெல்லாம் திட்டுவதற்கு யோசித்து வைத்திருந்த பேச்சு ஜான்பீட்டரின் கூவலோடு கலைந்துபோனது.

"என்ன சொல்லிட்டுப் போறான் அவன்?"

சரோஜம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். முனிராஜ் மைல்கல்லைப் பார்த்தான். கரியப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார். ஆனி, ஆடி, ஆவணி என்று போய், மாசியில் நின்று, சித்திரை வரவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, மறுபடியும் ஒருமுறை எண்ணினார்.

"உங்கம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத்தான் சொல்லல. அப்ப எதுக்கும்மா நான் வாசலிலயே முக்காலியப் போட்டுக்கினு காவல் காத்தேன்?" என்று கேட்டவர், தானே சிரிக்கத் தொடங்கினார். காய்ந்த நுரை உதிர்ந்து காற்றில் பறந்தது. சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பினால் வந்த நீர்தான் என்று சொல்ல முடியாது.

"வா மாப்பிள்ள. வீட்டுக்கு வா. நாகம்மா இன்னிக்கு வெல்லப் பூரணம் வெச்சு ஒப்பட்டு சுட்டு வெச்சிருக்கா."

"ஆடியாச்சே மாமா" என்றான் முனிராஜ், மரியாதைக்கு.

"ஆடியாவது கீடியாவது. பூட்டிப் பிரயோசனம் இல்லாத வீட்டுக்கு எதுக்குக் கதவு? அவள பின்னால குந்த வெச்சுக்கினு மெல்லமா வா. ஏறி மிதிச்சியோ, கால ஒடச்சுருவேன்."

சரோஜம்மாள் கேரியரில் உட்கார்ந்தாள், கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். முனிராஜ் பக்கத்தில் நடந்தபடி சைக்கிளைத் திருப்பினான். திருப்பியதுமே காற்று பின்னால் வந்து தள்ளியது. இறக்கம் வேறு. அவன் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து, அடிமேல் அடி வைத்து இறங்கினான். முதல் ஆளாக வர வேண்டும் என்று அன்று காலையில் பறந்தவன், ஒரு கல் குறுக்கே வந்தால்கூட நின்று, சுற்றிக்கொண்டு போனான். கரியப்பன் முன்னால் நடந்து, ரோட்டில் கிடந்த கற்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டே போனார்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் பெல் சத்தம் ஒன்றிரண்டு இன்னும் காற்றோடு வந்தது. கப்பு யாருக்குப் போகிறதோ, அவனுக்கு அக்கறை இல்லை. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் பாக்கி இருந்தது. கேட்க பயமாகவும் இருந்தது.

"ஏய்," என்றான் மெதுவாக, மாமனாருக்குக் கேட்காமல். "ஆவணியில வருவ இல்ல?"

"வராம? எத்தன நாளைக்கு எங்கம்மா சமையலத் தின்னுக்கினு குந்தியிருக்கறது?"

"அப்ப கோபம் போயிடுச்சா?"

சரோஜம்மாள் யோசித்தாள். அவன் வியர்வை வழிகிற முகத்தைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"எங்க போறது? பாதி தான திட்டியிருக்கறேன். நீங்க சாப்புட்டு முடிங்க, மிச்சம் இக்குது."

முனிராஜ் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு, பிரேக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.